வெந்நீரில் வைத்த சொட்டு மருந்து

குருவம்மா ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் மருந்துக் குப்பியை நிற்க வைத்திருந்தாள். டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

ஆனையூர்க் கிழக்குத் தெருவில், அடிகுழாய்க்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கைப்பிள்ளைகளோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. போலியோ சொட்டு மருந்துக்கு வந்தவர்கள் மாதிரியே இல்லை, காதுகுத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"செத்த பொறு மதினி. சில்லு விடட்டும். பச்சப்புள்ள தொண்டைல ஐசையா ஊத்த முடியும்?" என்று ஒருத்தியிடம் சொன்னாள். அந்த மதினி தலையை ஆட்டிக்கொண்டாள்.

நான் தெருமுனையில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து நான் மருந்து கொடுத்த தெருக்களில் நாலே நாலு பிள்ளைகள்தான் வாய் திறந்திருந்தார்கள். இவளுக்கு ஒரு குழாயடியில் பன்னிரண்டு. முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கூட்டம்தான். டம்ளர் அதற்குப் பிறகுதான் பட்டது. இதை மறைத்தால் மீதி எழுதுவதெல்லாம் பொய்யாகிவிடும்.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். எண்பது பிறந்திருக்கவும் கூடும். மாசி மாதத்து வெயில் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு கார்டு

இந்தப் பத்திரிகையில் என் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வாசகி வாராவாரம் எனக்குக் கார்டு போடுகிறார். போன வாரக் கார்டில் கேட்டிருந்தார்: "உங்கள் கதையில் எல்லாரும் உங்களுக்கு நல்லது செய்கிறார்கள். நீங்களும் எல்லாருக்கும் நல்லது செய்கிறீர்கள். யாரைப் பார்த்தும் உங்களுக்கு வயிறு எரிந்ததே கிடையாதா?"

எரிந்திருக்கிறது தாயே. அடுப்பு மாதிரி எரிந்திருக்கிறது. நர்ஸ் என்றால் வெள்ளைச் சேலைக்குள் மனசும் வெள்ளையாக இருக்கும் என்று யார் சொன்னார்கள்?

பொறாமை எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. நான் டி. கல்லுப்பட்டிக்காரி. அங்கே ஆசிரமத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களை நூல் நூற்க வைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவளின் நூல் என் நூலைவிடச் சன்னமாக வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. பிரார்த்தனையில் கண்ணை மூடிக்கொண்டு அவள் நூல் அறுந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். உண்மையே பேச வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்ததை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். பொறாமைப்படக் கூடாது என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

யாருக்கும் யாருமில்லாதவள்

ஆனையூர் அப்போது மதுரையோடு ஒட்டவில்லை. கண்மாயும் வயலுமாகக் கிடந்தது. எங்கள் துணைச் சுகாதார நிலையம் ஒரு ஓட்டு வீட்டின் முன்னறை. நர்சுகள் நானும் குருவம்மாவும் இரண்டு பேர். கிழக்குத் தெருக்கள் அவளுக்கு, மேற்குத் தெருக்கள் எனக்கு.

அவளுக்குப் பிறந்த ஊர் ஆனையூர், வாக்கப்பட்டது பரவை. திண்டுக்கல் ரோட்டில் பரவை மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகிற சம்சாரி வீடு. ஆகவே ஊரில் பாதிப் பேர் அவளுக்கு அத்தை, மீதிப் பேர் மதினி. எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைவாள். மொச்சை உரித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தானும் உரிப்பாள். உரித்துக்கொண்டே, "புள்ளைக்கு எத்தன மாசம் ஆச்சு?" என்று ஆரம்பிப்பாள்.

நான் யாருக்கும் எதுவும் இல்லை. "கல்லுப்பட்டி நர்சம்மா" அம்புட்டுத்தான். கஞ்சி போட்ட சேலை, கையில் நோட்டு, வாயில் சட்டம். மருந்துக்கு முன்னால் அரை மணி நேரம் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது, பின்னால் அரை மணி நேரம் கொடுக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிள்ளை கத்தும், தாய்க்கு மார் கட்டும், என்னைப் பார்த்து முணுமுணுப்பாள். குருவம்மாவின் பக்கத்தில் பிள்ளைகள் அழவே மாட்டார்கள். தோளில் போட்டு என்ன தட்டுவாளோ, அரை மணி நேரம் ஓடிவிடும்.

வேலையில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை. பரீட்சையில் நான்தான் கூட மார்க். அதனால்தான் இன்னும் எரிந்தது.

ஐஸ் கொடுக்கிற நர்சம்மா

இந்த மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இது உயிருள்ள மருந்து, சூடு பட்டால் செத்துப்போகும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாயகன்ற பிளாஸ்க் நிறைய ஐஸைப் போட்டு, அதற்குள் குப்பியைப் புதைத்து, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம். சூடு படக் கூடாது என்பதை நான் இரண்டு தடவை அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன்.

ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் கைப்பிள்ளைக்குச் சில்லென்று எதுவும் ஆகாது. குளிப்பாட்ட வெந்நீர், வாயில் ஊற்ற வெந்நீர், சங்கைக்கூட வெந்நீரில் அலசித்தான் எடுப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளையின் நாக்கில் ஐஸிலிருந்து எடுத்த இரண்டு சொட்டு விழுந்தால் அது உடம்பைச் சிலிர்க்கும். தாய்க்கு அதற்கு மேல் சொட்டு மருந்தும் வேண்டாம், நர்சும் வேண்டாம். மேற்குத் தெருவில் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகியதும் கதை முடிந்தது.

"கல்லுப்பட்டி நர்சம்மா பச்சப்புள்ளைக்கு ஐசைக் குடுக்குதாம்ல" என்று ஊர் முழுக்கப் பேச்சு. என் தெருப் பெண்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிழக்குத் தெருவுக்குப் போக ஆரம்பித்தார்கள். கண்ணுக்கு முன்னால் போவார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

பஞ்சவர்ணம்

இந்த ஊரில் எனக்கு வேண்டிய பிள்ளை ஒன்றுதான் இருந்தது. கிழக்குத் தெருப் பஞ்சவர்ணத்தின் இரண்டாவது மகள் செல்வி.

பஞ்சவர்ணத்தின் மூத்த மகள் ஈஸ்வரி. அவளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து, யாரோ ஒரு கம்பவுண்டர் இடுப்பில் ஊசி போட்டான். மறுநாள் காலையில் வலது கால் துணி மாதிரித் தொங்கிவிட்டது. ஊசிதான் காலை எடுத்துவிட்டது என்று பஞ்சவர்ணம் நம்பினாள். வந்ததே போலியோக் காய்ச்சல்தான், அந்த நேரத்தில் ஊசி போட்டது அதை மோசமாக்கிவிட்டது என்று எங்கள் டாக்டரம்மா சொன்னார். இதை அவளிடம் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? "எந்த மருந்தும் வேணாம், எங்கள விட்ருங்க" என்று கதவைச் சாத்திவிடுவாள்.

அவள் என் தெரு இல்லை. இருந்தாலும் நாலு மாதம் நடந்தேன். ஈஸ்வரியின் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டேன். வெயிலில் போய் அந்த வாசலில் நின்றேன். இந்த வீட்டை நான் வென்றுவிட்டால் குருவம்மாவால் முடியாததை நான் செய்தவள் ஆவேன். செல்வியின் காலுக்காகவும்தான் நடந்தேன். எதற்காகக் கூடுதலாக நடந்தேன் என்று இப்போது கேட்காதீர்கள்.

ஒரு நாள் பஞ்சவர்ணம் இளகினாள். "ஊசி இல்லீல்ல? சத்தியமா ஊசி இல்லீல்ல?" என்று கேட்டாள். நான் சத்தியம் செய்தேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

யோசித்துவிட்டுக் குருவம்மாவிடம் போய்விட்டாள்.

குழாயடியில் அன்றைக்கு டம்ளரைச் சுற்றி நின்றவர்களில் அவளும் ஒருத்தி. ஐந்து மாதச் செல்வி குருவம்மாவின் மடியில் கிடந்து வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. நாலு மாதம் நான் நடந்த நடை.

கேள்விக்குப் பதில் இல்லை

பெண்கள் போன பிறகு நான் அவளிடம் போனேன்.

"ஏன்டி, சூடு பட்டா செத்துப்போகும்னு சொன்னாகல்ல? வெந்நீர்ல வச்சிருக்க?"

"கொதிக்கவா வச்சேன்? சில்லு விடத்தானக்கா" என்றாள். "கொண்டார வரைக்கும் ஐசுல இருக்கணும், சரி. வாயில ஊத்துற நேரத்துல என்ன? வயித்துக்குள்ள மட்டும் ஐசா இருக்கு? உள்ள போனா சூடுதான?"

உடம்புச் சூடு வேறு, வெந்நீர்ச் சூடு வேறு என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. அவள் கள்ளத்தனம் செய்யவில்லை. தான் சொன்னதை அவளே நம்பினாள்.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இரக்கப்பட்டு இல்லை. மாதக் கூட்டத்தில் எல்லா நர்சுகளும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அவள் முகம் எப்படிப் போகும் என்று படுத்தபடி நினைத்துப் பார்த்து ரசித்தேன்.

மாதக் கூட்டம் வருவதற்குள் அவள் மாமனாருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. இரண்டு மாதம் லீவு போட்டுவிட்டுப் பரவைக்குப் போனாள். ஆள் இல்லாத இடத்தில் சொல்லி என்ன பிரயோஜனம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நானும் கேட்டேன் ஒரு டம்ளர்

கிழக்குத் தெருவும் என் பொறுப்புக்கு வந்தது. முதல் நாள் வாசலில் பஞ்சவர்ணம் நின்றாள். இடுப்பில் செல்வி.

"ரெண்டாவது தவண குடுக்கணும்னு குருவம்மாக்கா சொல்லிட்டுப் போச்சு" என்றாள். "அது மாதிரி வெதுவெதுன்னு குடுப்பீகளா? இல்லைன்னா அது வந்தப்பறம் வாங்கிக்கிறேன்."

வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது.

எனக்குத் தெரியும். அடிக்கோடு போட்டு எழுதியவள் நான். குருவம்மாவுக்காவது தெரியாது.

"உள்ள போயி ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டா" என்றேன்.

செல்வி சிலிர்க்கவில்லை. சப்புக்கொட்டியது. பஞ்சவர்ணம் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உக்காருங்கக்கா, மோர் குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள். நர்சம்மா போய் அக்கா வந்துவிட்டது. அந்த மோரில் பெருங்காயம் போட்டிருந்தாள், இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

மறுமாதம் மூன்றாவது தவணையும் அப்படித்தான். அதற்குள் மேற்குத் தெருவிலும் பேச்சு போய்விட்டது. என் வாசல்களிலும் டம்ளர்கள் தயாராக இருந்தன. கூட்டம் என்றால் கூட்டம். நான் அந்த இரண்டு மாதம் மாதிரிச் சந்தோஷமாக என் உத்தியோகத்தில் வேறு எப்போதும் இருந்ததில்லை.

ஐப்பசி

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பஞ்சவர்ணம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு ஓடி வந்தாள். குருவம்மா லீவு முடிந்து வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் உள்ளே இருந்தாள், நான் வாசலில் இருந்தேன்.

செல்விக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். விடிந்து பார்த்தால் இடது கால் அசையவில்லை. நான் பாதத்தில் நகத்தால் கீறிப் பார்த்தேன். பிள்ளை அழுதது, கால் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஊசியே போடலக்கா" என்றாள் பஞ்சவர்ணம். "காச்சலுக்கு ஒரு ஊசிகூடப் போடல. மூணு தவணையும் விடாம வந்தேன். நீங்க சொன்னபடி அம்புட்டும் செஞ்சேன். பெறகு எப்டிக்கா?"

அவள் என்னைத்தான் கேட்டாள். நான் குருவம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

சொன்னதெல்லாம் நிஜம்

இரண்டு நாளில் டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். கிழக்குத் தெரு நோட்டை விரித்தார். செல்வியின் பெயருக்கு நேராக மூன்று டிக். அந்த நோட்டில் டிக் போடுவதோடு சரி, யார் கொடுத்தது என்று கையெழுத்து கிடையாது. நோட்டு அட்டையில் குருவம்மாவின் பெயர் இருந்தது.

"மூணு தவணை போயிருக்கு. அப்புறம் எப்படி?" என்று கேட்டார்.

"கிழக்குத் தெரு குருவம்மா பாக்கிறது டாக்டர்" என்றேன். "வெந்நீர்ல வச்சுக் குடுக்குது. நான் கண்ணால பாத்தேன்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. கல்லுப்பட்டிப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு நான் துரோகம் செய்யவில்லை.

குருவம்மா என்னைப் பார்த்தாள். அந்த இரண்டு மாதம் நான் என்ன செய்தேன் என்று ஊர்ப் பெண்கள் அவளிடம் எப்போதோ சொல்லியிருப்பார்கள். இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆமா டாக்டரம்மா. நான்தான் சூடு பண்ணிக் குடுத்தேன். தப்புன்னு தெரியல" என்றாள். என் பேரை எடுக்கவில்லை.

இந்த விஷயம் வெளியே போனால் ஊரில் ஒரு பிள்ளைக்கும் இனி மருந்து கொடுக்க முடியாது என்று டாக்டரம்மா எங்கள் வாயைக் கட்டினார். கிழக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் முதலிலிருந்து திரும்பக் கொடுக்கச் சொன்னார். குருவம்மாவை உசிலம்பட்டிக்கும் அப்பால் ஒரு ஊருக்கு மாற்றினார்கள்.

ஜீப் போன பிறகு அவள் என் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் இரண்டு வார்த்தை திருப்பித் திட்டியிருப்பேன்.

"கிழக்குத் தெருவுக்கு மறுபடி குடுக்கச் சொல்லிட்டாக" என்றாள். "உங்க தெருப் புள்ளைகளுக்கு என்ன செய்யப் போறீக?"

நான் விரித்துக் கிடந்த நோட்டை மூடி வைத்தேன்.

"நான் ஏன் சொல்லலைன்னு நெனைக்கிறீக? ரெண்டு பேரையும் தூக்கிட்டா இந்தப் புள்ளைகளுக்கு யாருக்கா குடுக்கிறது? ஒரு வீடு விடாம திரும்பக் குடுத்துருங்க. சில்லுன்னே குடுங்க. ஏசுனா ஏசட்டும்."

அந்த நிமிஷத்திலும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? வெட்கம் அப்புறம்தான் வந்தது. இவளுக்கு மட்டும் இப்படிப் பேச எங்கிருந்து வருகிறது என்று வயிறு எரிந்தது. எனக்கு ஏன் இது முதலில் தோன்றவில்லை என்று எரிந்தது.

சில்லென்று கொடுத்தேன்

கொடுத்தேன். அரசாங்கம் புதிதாக மூன்று தவணை சேர்த்திருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி, மேற்கும் கிழக்குமாக ஒரு வீடு விடாமல் கொடுத்தேன். பிளாஸ்கிலிருந்து எடுத்த கையோடு கொடுத்தேன். பிள்ளைகள் சிலிர்த்தார்கள், பெண்கள் ஏசினார்கள். ஒருத்தி என் குடையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். மறுநாள் அந்த வாசலுக்கு வெயிலோடு போய் நின்றேன். அந்தப் பிள்ளைகளில் யாருக்கும் கால் போகவில்லை.

குருவம்மா ஊரை விட்டுப் போன அன்று பஸ் நிறுத்தம் வரை முப்பது நாற்பது பெண்கள் போனார்கள். பஞ்சவர்ணமும் செல்வியைத் தூக்கிக்கொண்டு போய், அழுதுவிட்டுத்தான் வந்தாள். நான் போகவில்லை. நான் ஓய்வு பெற்றபோது என்னை வழியனுப்ப எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இந்தப் பத்திரிகையில் விளம்பரத்துக்குப் பக்கத்து மூலையில்கூட எழுத மாட்டேன்.

ஐஸ் குறையாத மருந்து கொடுத்தாலும் சில பிள்ளைகளின் உடம்பில் அது பிடிக்காமல் போவதுண்டு, செல்விக்கு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் தூங்கினேன். இப்போது தூக்கம் வருவதில்லை.

செல்விக்கு நான் நிறையச் செய்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன், காலுக்கு இரும்புச் சட்டம் வாங்கித் தந்தேன், பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். அவள் இன்று ஆனையூரில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு எனக்கு ரவிக்கை தைத்து அனுப்புகிறாள். அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். குருவம்மாவுக்கு ஊர் கொடுத்ததெல்லாம் அந்த ஒரு வீட்டில் எனக்குக் கிடைத்துவிட்டது.

இந்தப் பத்திரிகை வெளிவருகிற அன்று சாயங்காலம் கடையை மூடிவிட்டு, என் பகுதியைத் தன் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாளாம். பஞ்சவர்ணத்துக்கு இப்போது கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது.

செல்வி, இந்த வாரமும் வாசிக்கிறாய் என்று தெரியும். இரண்டாவது தவணையும் மூன்றாவது தவணையும் கொடுத்தது நான். சூடு பட்டால் மருந்து செத்துப்போகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். உன் அம்மா குருவம்மாவிடம் போய்விடக் கூடாது என்பதற்காகக் கொடுத்தேன். இந்த இடத்தில் நிறுத்திவிடாதே தாயி. அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை வாசி.